கணவரின் வேலைக்காக டிரெஸ்டன் வந்த ஆய்வாளர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கே பதிவு செய்வது 2022 இறுதியில் தொடங்கி 2025 வரை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் நடந்தது. சம்பந்தப்பட்ட தம்பதியின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அதே நகரின் ஆய்வு நிறுவனம் ஒன்றில் நிர்வாகப் பிரிவில் வேலை செய்பவள் என்பதால், இந்தியாவிலிருந்து வரும் குடும்பங்கள் அவ்வப்போது என்னிடம் ஆலோசனை கேட்பார்கள். இவர்களும் அப்படித்தான் அறிமுகமானார்கள்.

கணவர் சிப் தயாரிப்பு நிறுவனம் ஒன்றில் பொறியாளர். டிரெஸ்டனும் சுற்றுப்புறமும் ஐரோப்பாவின் முக்கியமான சிப் உற்பத்தி மையம். இன்ஃபினியன், குளோபல்ஃபவுண்ட்ரீஸ், போஷ் மூன்றுக்கும் இங்கே ஆலைகள் உண்டு. தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் இந்த ஊருக்குத் தொடர்ந்து வருவதற்குக் காரணமும் அதுதான். மனைவி காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் ஆய்வு செய்து 2017இல் முனைவர் பட்டம் பெற்றவர். மின்கலத்தில் திரவத்துக்குப் பதிலாக அயனிகளைக் கடத்தும் திடப்பொருள்கள், அதாவது திட நிலை மின்பகுபொருள்கள், அவருடைய துறை. பிறகு கொங்குப் பகுதியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஐந்து ஆண்டுகள் உதவிப் பேராசிரியராக இருந்தார். மகளுக்கு அப்போது மூன்று வயது.

கணவர் முதலில் வந்தார். 2022 நவம்பரில் மனைவி கல்லூரி வேலையை ராஜினாமா செய்துவிட்டு மகளுடன் வந்து சேர்ந்தார். கணவரிடம் உயர்தகுதிப் பணியாளர்களுக்கான வசிப்பிட அனுமதியான புளூ கார்டு இருந்ததால் மனைவியின் விசாவுக்கு ஜெர்மன் மொழித் தேர்வு தேவைப்படவில்லை. எந்த வேலையும் செய்யலாம் என்ற அனுமதியும் அவருடைய வசிப்பிட அட்டையிலேயே இருந்தது. சட்டப்படி எந்தத் தடையும் இல்லை. “முதலில் குடும்பம் நிலைபெறட்டும், வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று இருவரும் சேர்ந்தே முடிவெடுத்திருந்தார்கள். மிகவும் இயல்பான முடிவுதான். பின்னால் நடந்த பலவற்றுக்கும் வேர் அதுவே என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

முதல் ஆண்டு

முதல் சில மாதங்கள் முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு, குழந்தைகள் காப்பகம் என்று போயின. ஒரு வயது நிறைந்த குழந்தைக்குக் காப்பக இடம் பெறும் உரிமையை ஜெர்மன் சட்டம் 2013 முதல் தந்திருக்கிறது. ஆனாலும் வீட்டுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. இடம் கிடைத்த பிறகு, அரசு ஆதரவில் நடக்கும் ஒருங்கிணைப்பு வகுப்பில் அவர் சேர்ந்தார். 600 மணி நேரம் மொழிப்பாடம், 100 மணி நேரம் நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கைமுறை பற்றிய பாடம். காலையில் வகுப்பு, மாலையில் குழந்தை, இரவில் விண்ணப்பம் என்று 2023 ஓடியது.

விண்ணப்பங்களை அவர் அனுப்பியது பெரும்பாலும் கற்பிக்கும் பணிகளுக்கு. பல்கலைக்கழகத்தில் விரிவுரை நடத்தும் இடங்கள், பயன்பாட்டு அறிவியல் கல்லூரிகளின் பேராசிரியர் பதவிகள், சில வேளைகளில் வேறு மாநில அறிவிப்புகளும். வந்தவை எல்லாம் மரியாதையான இரண்டு பத்தி மறுப்புக் கடிதங்கள். பலவற்றுக்குப் பதிலே இல்லை. 2023 டிசம்பரில் என்னிடம் வந்தபோது, “அக்கா, என் பட்டத்துக்கு இங்கே மதிப்பில்லை என்று நினைக்கிறேன்” என்றார். பட்டத்தில் குறை எதுவும் இல்லை. அதை எந்தக் கதவில் தட்டினார் என்பதுதான் கேள்வி.

விண்ணப்பங்களில் கண்டவை

தமிழ்நாட்டில் முனைவர் பட்டம் பெற்றவர் உதவிப் பேராசிரியராக நுழைந்து, அதே கல்லூரியில் இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று ஏறலாம். ஜெர்மனியில் பொதுவாக அப்படியொரு ஏணி கிடையாது. பேராசிரியர் பதவிகள் மிகக் குறைவு. அவற்றுக்குக் கீழே இருப்பவர்களில் பெரும்பாலோர் காலவரையறை ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஆய்வாளர்கள். 2007ஆம் ஆண்டின் சட்டம் முனைவர் பட்டத்துக்கு முன் 6 ஆண்டுகளும் பின் 6 ஆண்டுகளும் இத்தகைய ஒப்பந்தங்களை அனுமதிக்கிறது. மருத்துவத்தில் பின்னது 9 ஆண்டுகள். வெளி நிதியில் நடக்கும் திட்டமாக இருந்தால் அதற்கு மேலும் ஒப்பந்தம் போட வழியுண்டு. இந்த நிச்சயமின்மையை எதிர்த்து 2021இல் ஜெர்மன் ஆய்வாளர்களே, இந்தச் சட்டத்தை விளக்கிய அரசுக் காணொளியில் வந்த கற்பனை ஆய்வாளரின் பெயரில், ‘நான்தான் ஹானா’ என்ற முழக்கத்துடன் இணையத்தில் திரண்டார்கள். இவருக்குக் கிடைத்த மறுப்புகள் வெளிநாட்டவர் என்பதற்காக மட்டும் வந்தவை அல்ல என்று நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பயன்பாட்டு அறிவியல் கல்லூரிகளின் பேராசிரியர் பதவி வேறு வகை. முனைவர் பட்டத்தோடு, வழக்கமாகக் குறைந்தது 5 ஆண்டுத் தொழில் அனுபவம் வேண்டும். அதில் 3 ஆண்டுகள் உயர்கல்வி நிறுவனங்களுக்கு வெளியே இருக்க வேண்டும். வாரத்துக்கு ஏறத்தாழ 18 மணி நேரம் வகுப்பு, அதுவும் பெரும்பாலும் ஜெர்மனில். கல்லூரி அனுபவம் எத்தனை ஆண்டு இருந்தாலும் இந்த நிபந்தனை நிறைவேறாது. அவர் அனுப்பிய விண்ணப்பங்களில் கணிசமானவை முதல் பார்வையிலேயே ஒதுக்கப்படக்கூடியவை.

தன்விவரக் குறிப்பை வாங்கிப் பார்த்தேன். ஆறு பக்கம். தேசியக் கருத்தரங்குகள், ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிகள், தரச்சான்றுக் குழுப் பொறுப்பு, விடுதிக் காப்பாளர் பொறுப்பு எல்லாம் வரிசையாக இருந்தன. நம் ஊர் நேர்காணலில் இவை ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு என்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் திட மின்பகுபொருளின் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குப் பொருள் தரும் தடை) அளவீட்டில் அவருக்கிருந்த தேர்ச்சி ஐந்தாம் பக்கத்தில் ஒரே வரியாக முடங்கிக் கிடந்தது. ஒரு மாதிரியின் அளவீட்டில் படிகத்தின் உட்பகுதி தரும் தடையையும், படிகங்களுக்கிடையேயான எல்லை தரும் தடையையும் பிரித்துக்காட்டத் தெரிந்தவர் அவர். திட நிலை மின்கல ஆய்வு நடக்கும் எந்த ஆய்வகத்துக்கும் தேவைப்படும் கை அது. டிரெஸ்டனிலோ பல்கலைக்கழகம், லைப்னிட்ஸ், ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனங்கள் என்று மின்கலப் பொருள்களை ஆராயும் குழுக்கள் பல இருக்கின்றன. அவை எவற்றுக்கும் அவர் அதுவரை எழுதவில்லை.

தவறிய செப்டம்பர்

இந்த நிகழ்வில் என்னை மிகவும் வருத்திய பகுதி இது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்வோடோவ்ஸ்கா-கியூரி முதுமுனைவர் உதவித்தொகைக்கு ஒவ்வோர் ஆண்டும் வழக்கமாகச் செப்டம்பரில் விண்ணப்பம் முடியும். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு அனுபவம் 8 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. குழந்தை வளர்ப்புக்காக ஆய்விலிருந்து விலகியிருந்த காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆய்வு செய்யப்போகும் நாட்டில், கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ வேலை செய்திருக்கவோ கூடாது.

அவர் வந்தது 2022 நவம்பர். 2023 செப்டம்பரில் ஜெர்மனியில் அவர் வசித்தது பத்து மாதம்தான். தகுதி முழுமையாக இருந்தது. 2024 செப்டம்பரிலோ இருபத்திரண்டு மாதம், தகுதி போய்விட்டது. வேலை இல்லாமல் மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த மாதங்களும் வசித்த காலம்தான். துணைவராக வருபவரின் கடிகாரம் விமான நிலையத்தில் இறங்கிய அன்றே ஓடத் தொடங்கிவிடுகிறது. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கணவரின் நிறுவனம் ஏற்பாடு செய்த குடியேற்ற உதவியாளர் வீடு, மின்சாரம், காப்பீடு எல்லாவற்றையும் பொறுப்பாகச் செய்துகொடுத்தார். ஆய்வு உதவித்தொகை அவருடைய வேலை அல்ல.

இந்த விதி நாட்டுக்கு நாடு தனித்தனி. ஜெர்மனியில் தகுதி போனாலும் வேறு நாட்டுக்கு விண்ணப்பிக்கலாம். டிரெஸ்டனிலிருந்து பிராக் நகருக்கு ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால் அதையும் யோசித்தோம். நான்கு வயதுக் குழந்தையை விட்டு வாரத்தில் சில இரவுகள் வேறு நாட்டில் தங்குவதற்கு அவருக்கு மனமில்லை. நான் வற்புறுத்தவில்லை. ஜெர்மன் ஆய்வு நிதியமான டி.எஃப்.ஜி. வழங்கும் வால்டர் பெஞ்சமின் திட்டம் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கானது. இவர் பட்டம் பெற்று ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்ததால் அதையும் ஒதுக்கினோம்.

துணைவருக்கு வேலை தேடித்தர உதவும் அலுவலகங்கள் பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் உண்டு. ஆனால் பல்கலைக்கழகமே அழைத்து வரும் பேராசிரியர், ஆய்வாளர் ஆகியோரின் துணைவருக்காகவே பெரும்பாலும் அவை அமைக்கப்பட்டவை. தனியார் ஆலைப் பொறியாளரின் மனைவிக்கு அங்கே ஓர் அறிமுக உரையாடலுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அந்த உரையாடல் நடந்தது. அன்பாகப் பேசினார்கள், சில இணைய முகவரிகள் கொடுத்தார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

2024 ஜனவரியில் மூவரும் உட்கார்ந்து பேசினோம். கற்பிக்கும் பதவிகளுக்கு விண்ணப்பிப்பதை நிறுத்துவது என்பது முதல் முடிவு. ஐந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவருக்கு அது எளிதாக இல்லை. மறுபடியும் ஆய்வகத்தில் யாரோ ஒருவருக்குக் கீழே திட்ட ஆய்வாளராக இருப்பதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. என்னுடைய பதில்: இந்த நாட்டில் உள்ளே நுழையும் வாசல் அதுதான், நாற்பது வயது நெருங்கியவர்களும் அந்த வாசலில் நிற்கிறார்கள், அதில் குறைவு எதுவும் இல்லை.

அடுத்து, விளம்பரங்களுக்காகக் காத்திருக்காமல் ஆட்களைத் தேடுவது. டி.எஃப்.ஜி. நிதி தரும் திட்டங்கள் அனைத்தும் கெப்ரிஸ் என்ற பொதுத் தரவுத்தளத்தில் தலைப்பு, பொறுப்பாளர் பெயர், நிறுவனத்துடன் கிடைக்கின்றன. மத்திய அரசின் திட்டங்களுக்கு நிதிப் பட்டியல் ஒன்று தனியாக இருக்கிறது. ஐரோப்பியத் திட்டங்களுக்கு கார்டிஸ். புதிதாக நிதி கிடைத்த திட்டத்துக்கு ஆள் வேண்டும். விளம்பரம் வருவதற்கு முன்பே பொறுப்பாளர் யாரை எடுக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கியிருப்பார். அந்த இடைவெளியில் ஒரு மின்னஞ்சல் போய்ச் சேர வேண்டும். அவர் டிரெஸ்டன், ஃபிரைபெர்க், கெம்னிட்ஸ் மூன்று ஊர்களின் திட்டங்களையும் வரிசையாகப் படித்தார். ஒவ்வொரு குழுவின் அண்மைய கட்டுரையில் குறைந்தது ஒன்றையாவது படித்துவிட்டே கடிதம் எழுதினார். கடிதம் பன்னிரண்டு வரிக்கு மேல் போகவில்லை: உங்கள் திட்டத்தில் இந்தப் பகுதியில் இன்ன அளவீடு வரும், அதை நான் செய்திருக்கிறேன், இதோ என் கட்டுரை, இந்த ஊரிலேயே வசிக்கிறேன், வேலை அனுமதி இருக்கிறது. கடைசி இரண்டு தகவல்களையும் மறக்காமல் எழுதச் சொன்னேன். விசாவுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம் என்பது ஆள் தேடும் குழுத் தலைவருக்குப் பெரிய நிம்மதி. கணவருடன் வந்தவர் என்பது இந்த ஓர் இடத்தில் அவருக்கு உண்மையான பலம்.

தன்விவரக் குறிப்பு இரண்டு பக்கமானது. அளவீட்டுத் திறன்கள் முதல் பக்கத்தின் மேலே வந்தன. கல்லூரிப் பணி மூன்று வரி. கட்டுரைப் பட்டியல் தனித் தாள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பி.டி.எஃப்.

மொழி வகுப்பை விடுவதா என்ற கேள்வியும் எழுந்தது. ஆய்வகங்களில் ஆங்கிலம் போதும் என்பது உண்மை. ஆனாலும் தொடரச் சொன்னேன். பாதுகாப்புப் பயிற்சி, கொள்முதல் படிவம், தொழில்நுட்பப் பணியாளருடன் பேச்சு எல்லாம் ஜெர்மனில்தான் நடக்கும். இடைநிலை ஜெர்மன் மொழித்திறனைக் காட்டும் பி1 சான்றிதழை அவர் 2024 தொடக்கத்தில் பெற்றார்.

சம்பளமில்லாத அழைப்பு

கடிதங்களுக்கு வந்த முதல் நல்ல பதில் ஒரு சிக்கலோடு வந்தது. ஒரு குழுத் தலைவர் அவருடைய அனுபவத்தைப் பாராட்டி, நிதி இல்லை, ஆறு மாதம் விருந்தினர் ஆய்வாளராகச் சம்பளமில்லாமல் வரலாம், பிறகு பார்க்கலாம் என்றார். கணவர் ஏற்கச் சொன்னார். வீட்டில் பணத்தட்டுப்பாடு இல்லை, ஆய்வில் விழுந்த இடைவெளி நிரம்பும் என்பது அவர் வாதம். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒப்பந்தம் இல்லாதவருக்கு அனுபவ ஆண்டு சேராது, ஓய்வூதியக் கணக்கு ஓடாது, கட்டுரையில் பெயர் வரும் என்பதற்கு உறுதி கிடையாது. கணவரின் சம்பளத்தில் வாழ்பவர் என்பதாலேயே ஒருவரின் உழைப்பு இலவசமாகிவிடக் கூடாது. இதை அவரிடம் அழுத்தமாகவே சொன்னேன்.

மனைவி எடுத்த முடிவு என்னுடையதைவிட நுட்பமானது. மறுக்கவும் இல்லை, அப்படியே ஏற்கவும் இல்லை. “ஆறு மாதம் வர இயலாது, உங்கள் குழுவின் கருத்தரங்கில் என் ஆய்வைப் பற்றி ஒரு மணி நேரம் பேச விரும்புகிறேன்” என்று எழுதினார். குழுத் தலைவர் உடனே ஒப்புக்கொண்டார். 2024 ஏப்ரலில் பேசினார்.

வாசல் திறந்த விதம்

அந்தக் கருத்தரங்குக்குப் பக்கத்து நிறுவனத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் விஞ்ஞானி, இம்பீடன்ஸ் வரைபடத்தில் அரைவட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டார். கூட்டம் முடிந்த பிறகும் பேச்சு நீண்டது. இரண்டு வாரத்தில் மின்னஞ்சல் வந்தது. அவருடைய குழுவில் முனைவர் ஒருவர் பேறுகால விடுப்பிலும் தொடர்ந்து பெற்றோர் விடுப்பிலும் போகிறார், ஓராண்டுக்கு மாற்று ஆள் வேண்டும், விண்ணப்பிக்க முடியுமா என்று.

இத்தகைய மாற்றுப் பணிகளைப் பலரும் குறுகியவை என்று தள்ளிவிடுகிறார்கள். வெளியிலிருந்து வருபவருக்கு இவைதான் நல்ல நுழைவு என்பது என் அனுபவம். வேலை உடனே வேண்டும், போட்டி குறைவு, உள்ளூரில் இருப்பவருக்கு முன்னுரிமை இயல்பாகவே கிடைக்கும். முறைப்படி அறிவிப்பு வந்தது, விண்ணப்பித்தார், நேர்காணல் நடந்தது, தேர்வானார். பணி 75 விழுக்காடு, வாரம் 30 மணி நேரம். குழந்தையைக் காப்பகத்திலிருந்து அழைத்துவர அது வசதியாகவும் இருந்தது.

தாள்கள்

தேர்வுக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவே மூன்று மாதம் ஓடியது. பணியாளர் மன்றத்தின் ஒப்புதல் ஒரு காரணம். தாள்கள் பெரிய காரணம்.

முதலாவது பெயர். பட்டச் சான்றிதழில் தந்தையின் முதலெழுத்தோடு அவர் பெயர். கடவுச்சீட்டில் கணவரின் பெயர் குடும்பப் பெயராகியிருந்தது. கட்டுரைகளில் மூன்றாவது வடிவம். ஜெர்மன் படிவத்துக்கு முதற்பெயரும் குடும்பப் பெயரும் வேண்டும். இந்த மூவரும் ஒருவரே என்று மனிதவளப் பிரிவு எப்படி நம்பும்? பிறப்புச் சான்று, திருமணச் சான்று, பழைய கடவுச்சீட்டின் நகல் மூன்றையும் ஒரு விளக்கக் கடிதத்தோடு கொடுத்து முடித்தோம். முதலெழுத்துப் பழக்கம் உள்ள நம் ஊர்க்காரர்கள் கிளம்புவதற்கு முன்பே இந்தத் தாள்களைச் சேர்த்துவைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது பட்ட மதிப்பீடு. வெளிநாட்டுப் பட்டங்களின் மதிப்பைக் காட்டும் ஜெர்மனியின் அனபின் தரவுத்தளத்தில் அவருடைய பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டதாக இருந்தாலும், முதுகலைப் பட்டத்துக்குத் தனி மதிப்பீட்டுச் சான்று கேட்டார்கள். அதற்கு ஜனவரியிலேயே விண்ணப்பித்திருந்ததால் நேரத்துக்கு வந்தது.

மூன்றாவது சம்பளப் படி. மாநிலப் பொதுத்துறை ஊதிய ஒப்பந்தத்தில் முனைவர்கள் வழக்கமாக 13ஆம் பிரிவில் சேர்கிறார்கள். அந்தப் பிரிவுக்குள் அனுபவத்தைப் பொறுத்துப் படிகள் உண்டு. பொருத்தமான அனுபவம் ஓராண்டு இருந்தால் இரண்டாம் படி, மூன்றாண்டு இருந்தால் மூன்றாம் படி. வேறு பல்கலைக்கழகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ பெற்ற அனுபவத்தையும் கணக்கில் கொள்ள விதி இடம் தருகிறது. முதலில் அவருக்கு ஒன்றாம் படியே சொல்லப்பட்டது. கல்லூரி கொடுத்திருந்த பணிவிடுவிப்புக் கடிதத்தில் ‘உதவிப் பேராசிரியராகப் பணிபுரிந்தார்’ என்பதைத் தவிர எதுவும் இல்லாததே காரணம். ஆய்வு வழிகாட்டல், ஆய்வகப் பொறுப்பு, நிதி பெற்ற திட்டம் ஆகியவற்றைத் தேதிகளோடு குறிப்பிடும் புதிய கடிதத்தைக் கல்லூரியிடமிருந்து வாங்க ஐந்து வாரம் ஆயிற்று. அதன் பிறகு மூன்றாம் படி கிடைத்தது. கையெழுத்துக்கு முன்பு கேட்டதால்தான் இது நடந்தது. ஒப்பந்தம் முடிந்துவிட்டால் மாற்றுவது மிகக் கடினம்.

பிறகு நடந்தவை

2024 செப்டம்பரில் வேலையில் சேர்ந்தார். விடுப்பில் போனவர் திரும்பி வரும் நேரத்தில் அதே குழுவுக்கு ஒரு புதிய திட்டம் கிடைத்தது. அதில் இரண்டாண்டு ஒப்பந்தம், இப்போது முழு நேரம். முதல் ஆண்டின் அளவீடுகளிலிருந்து எழுதிய கட்டுரையில் அவர் பெயர் முதலாவதாக இருக்கிறது. கோடைப் பருவத்தில் முதுகலை மாணவர்களின் ஆய்வகப் பயிற்சி ஒன்றை நடத்துகிறார், பாதி ஜெர்மனில். கற்பிக்கும் ஆசையும் ஓரளவு நிறைவேறியிருக்கிறது.

நிரந்தரம் எதுவும் இல்லை. 2027இல் இந்த ஒப்பந்தம் முடியும்போது மறுபடியும் தேட வேண்டும். வெற்றிக் கதையாக மட்டும் இதைப் படிப்பவர்கள் அந்தத் தேதியையும் கணக்கில் வைக்க வேண்டும்.

மாற்றிச் செய்திருக்கக்கூடியவை

கணவரின் வேலை உறுதியான அன்றே மனைவியின் தேடலும் தொடங்கியிருக்க வேண்டும். இந்தியாவிலிருந்தபடியே டிரெஸ்டன் குழுக்களுக்கு எழுதியிருந்தால், ஓர் ஆய்வுத் தலைவரோடு சேர்ந்து உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முழு அவகாசம் இருந்திருக்கும். அப்படிச் செய்யாவிட்டாலும் வந்த பிறகு வரும் முதல் செப்டம்பரை நழுவவிட்டிருக்கக் கூடாது. போட்டி கடுமை, கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த விண்ணப்பத்தை எழுதும்போதே ஒரு குழுவோடு உறவு ஏற்பட்டுவிடும். அது வீணாகாது.

கல்லூரியில் ராஜினாமா செய்வதற்கு முன் ஊதியமில்லா விடுப்பு கேட்டுப் பார்த்திருக்கலாம். தனியார் கல்லூரியில் கிடைப்பது அரிது. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் இருப்பவர்களாவது கட்டாயம் கேட்க வேண்டும். விரிவான அனுபவக் கடிதத்தை விடைபெறும் வாரத்திலேயே வாங்கியிருந்தால் ஐந்து வாரமும் பல தொலைபேசி அழைப்புகளும் மிச்சமாகியிருக்கும்.

மொழி வகுப்பையும் ஆய்வுக் குழுக்களைத் தேடுவதையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்ததில்தான் ஓராண்டு போனது. இரண்டையும் சேர்த்தே நடத்தியிருக்க முடியும். அதற்குக் கணவர் முதல் ஆண்டிலேயே காப்பகப் பொறுப்பில் பாதியை எடுத்திருக்க வேண்டும். அவரே இதை என்னிடம் சொன்னார். இப்போது வாரத்தில் மூன்று நாள் மகளை அழைத்துவருவது அவர்தான்.

மனைவி இப்போது தன் பதவிக்கான ஊதியத்தையும் சேர்த்துக் கேட்கும் வகையில் டி.எஃப்.ஜி.யிடம் ஒரு திட்ட முன்மொழிவைத் தயாரித்துக்கொண்டிருக்கிறார். முடிவு வர வழக்கமாக அரையாண்டுக்கு மேல் ஆகும் என்பதால், ஒப்பந்தம் முடிய ஒன்றரை ஆண்டு இருக்கும்போதே அனுப்பிவிடத் திட்டம். முதல் வரைவை நிறுவனத்தின் திட்ட ஆலோசகரிடம் கொடுத்திருக்கிறார்.